யூக்தாஸ்: மல்லாந்து படுத்த முகமும் ஜீயஸின் கல்லறையும்

கிரேக்க நாட்டின் கிரீட் தீவுக்குப் போய்வந்த நண்பர் அனுப்பிய படத்தில் ஒரு மலை, மல்லாந்து படுத்திருக்கும் தாடிக்காரரின் முகம் மாதிரி தெரிகிறது. அதைக் கிரேக்கக் கடவுள்களின் தலைவனான ஜீயஸின் கல்லறை என்கிறார்கள். சாகாத கடவுளுக்குக் கல்லறை எப்படி வரும், அங்கே நரபலி நடந்தது என்பதும் உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மிகவும் பிடித்த மலை அது. ஆற அமரச் சொல்ல வேண்டிய கதை என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மலையின் பெயர் யூக்தாஸ். உயரம் 811 மீட்டர்தான். கிரீட்டில் இது ஓர் உயரமே இல்லை. மேற்கே நிற்கும் ப்ஸிலோரீதிஸ், அதாவது பழைய நூல்களின் ஐடா மலை, 2,456 மீட்டர். கிழக்கே திக்தி 2,148 மீட்டர். அந்த இரண்டுக்கும் நடுவில் திராட்சையும் ஆலிவும் விளையும் மேட்டு நிலம் அலை அலையாகக் கிடக்கிறது. அதற்குள்ளிருந்து ஒற்றை ஆளாக எழுந்து நிற்பதுதான் யூக்தாஸ். பக்கத்தில் போட்டிக்கு வேறு மலை இல்லாததால், தீவின் தலைநகர் ஹெராக்லியோனில் எந்தத் திறந்த வெளியில் நின்று தெற்கே பார்த்தாலும் கண்ணில் படும். 811 மீட்டர் மலைக்கு இத்தனை கதை சேர்ந்ததற்கு முதல் காரணம் இந்தத் தனிமை என்பது என் எண்ணம். பெரிய மலைகளைத் தேடிப் போய்த்தான் பார்க்க வேண்டும். இது தினமும் கண்ணெதிரே நிற்கிறது.

முகம் தெரிவது உண்மைதான், ஆனால் எல்லாப் பக்கமிருந்தும் தெரியாது. மலை வடக்கு தெற்காக நீண்ட ஒரு முதுகு. ஹெராக்லியோனிலிருந்தோ அதற்கு மேற்கே போகும் சாலைகளிலிருந்தோ பார்த்தால் நெற்றி, மூக்கு, தாடி என்று விளிம்பு பிரிந்து தெரியும். கிழக்கு அடிவாரத்தில் இருக்கும் அர்கானெஸ் ஊரிலிருந்து பார்த்தால் அது வெறும் மலை. நாளெல்லாம் மலையடியிலேயே இருப்பவர்களுக்கு முகம் தெரியாது, தள்ளி இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

இந்த வடிவம் வந்த விதமும் அறிந்துகொள்ள வேண்டியதே. சுற்றியிருக்கும் நிலம் பல பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு கடலடியில் படிந்த மென்மையான வெண்களிக்கல். கிரீட்காரர்கள் இதைக் குஸ்குராஸ் என்பார்கள். நகத்தால் கீறினாலே பொடி உதிரும். யூக்தாஸோ அதைவிடப் பலமடங்கு பழைய, கெட்டியான சுண்ணாம்புப் பாறை. ஆப்பிரிக்கக் கண்டத்தட்டு கிரீட்டுக்கு அடியில் செருகிக்கொண்டு போவதால் இந்தத் தீவு முழுவதும் பிளவுகள் ஓடுகின்றன. அப்படி இரு பிளவுகளுக்கு நடுவில் சிக்கிய சுண்ணாம்புப் பாளம் மேலே தூக்கப்பட்டது, சுற்றியிருந்த மென்கல் மழையில் கரைந்து தாழ்ந்தது. மேற்குப் பக்கம் செங்குத்தாக வெட்டியதுபோல நிற்க, கிழக்குப் பக்கம் சரிவாக இறங்கி வருவது இதனால்தான். முகத்துக்குக் கூர்மையான விளிம்பு கொடுத்தது அந்தப் பிளவு. இந்த மலையின் பழைய கட்டடங்களை இடித்த நிலநடுக்கங்களுக்கும் மூலம் அதுவே.

சுண்ணாம்பு மலை தண்ணீரை வெளியே ஓடவிடாது, உள்ளே விழுங்கிக்கொள்ளும். மேலே வெறும் பாறையும் முள்செடியும், அடிவாரத்தில் ஊற்று. தெற்கே இருக்கும் ஒரு குகைக்கே ஹோஸ்தோ நெரோ என்று பெயர், புதைந்த தண்ணீர் என்று பொருள். அங்கேயும், ஸ்த்ராவோமீதிஸ் என்ற இன்னொரு குகையிலும் மினோவன் காலத்து மனிதர்கள், அதாவது கிரேக்கர்களுக்கு முன்பே இந்தத் தீவில் வாழ்ந்த வெண்கலக்கால மக்கள், புழங்கிய தடயங்கள் கிடைத்திருக்கின்றன. தீவை வெனிஸ் ஆண்ட காலத்தில் ஹெராக்லியோன் நகரத்துக்கு நல்ல தண்ணீர் இல்லை. ஆளுநர் பிரான்செஸ்கோ மோரோசினி, யூக்தாஸ் அடிவார ஊற்றுகளிலிருந்து சுமார் 15 கிலோமீட்டருக்குக் கால்வாய் கட்டி, 1628இல் நகர நடுவில் சிங்கங்கள் தாங்கும் நீரூற்றைத் திறந்தார். இன்றும் ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் சந்திக்க 'சிங்கங்களிடம் வா' என்று சொல்லும் இடம் அது. அந்தச் சிங்கங்களின் வாயிலிருந்து வந்தது இந்த மலையின் தண்ணீர்.

இனி கல்லறைக்கு வருவோம்.

நமக்குத் தெரிந்த கிரேக்கக் கதையில் ஜீயஸ் சாவதில்லை. தந்தை க்ரோனோஸ் பிள்ளைகளை விழுங்கிவிடுவான் என்று அஞ்சிய தாய் ரேயா, கைக்குழந்தையைக் கிரீட்டின் ஒரு குகையில் ஒளித்து வைத்தாள். குழந்தை அழுகிற சத்தம் வெளியே கேட்காமலிருக்க கூரீட்டெஸ் என்ற வீரர்கள் கேடயத்தில் ஈட்டியால் தட்டி ஆடினார்கள். இதுவரை கிரேக்க நாட்டில் பெரும்பாலோர் ஒத்துக்கொண்டது. கிரீட்காரர்களோ இன்னொன்றும் சேர்த்துச் சொன்னார்கள்: இங்கே பிறந்தவர் இங்கேயே இறந்தார், அவரைப் புதைத்த இடமும் எங்களிடம் இருக்கிறது.

இது மற்றவர்களுக்குப் பொறுக்கவில்லை. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த கவிஞர் கல்லிமாகஸ் தம் ஜீயஸ் துதியில், கிரீட்டார் எப்போதுமே பொய்யர்கள், உனக்குக் கல்லறைகூடக் கட்டிவிட்டார்கள், நீயோ சாகவில்லை, என்றென்றும் இருக்கிறாய் என்று பாடினார். 'கிரீட்டார் எப்போதும் பொய்யர்' என்ற தொடர் அவருக்கும் முந்தியது. கிரீட்டின் பழைய நகரமான க்னோசோஸைச் சேர்ந்த எபிமெனிடீஸ் சொன்னது என்பார்கள். கிரீட்காரரே கிரீட்டாரைப் பொய்யர் என்றால் அந்தப் பேச்சு மெய்யா பொய்யா என்று தர்க்கவாதிகள் இன்றுவரை முடிச்சவிழ்க்கும் புதிர் இதிலிருந்து வந்ததுதான். தமிழ் வேதாகமம் படித்தவர்களுக்கும் இது பழக்கமான தொடர். தீத்துவுக்கு எழுதிய நிருபத்தில் 'கிரேத்தாதீவார் ஓயாப்பொய்யர்' என்று வருகிறதே, அது அவர்களுடைய தீர்க்கதரிசி ஒருவரின் வாக்கு என்று அங்கேயே சொல்லப்பட்டிருக்கிறது. 9ஆம் நூற்றாண்டுச் சிரியாக் உரையாசிரியர் இஷோதாத் அந்த வசனத்தைக் கல்லறைக் கதையோடு சேர்த்தே விளக்குகிறார்: உனக்குக் கல்லறை வெட்டினார்களே பொய்யர்கள், நீ சாகவில்லையே என்று. அவர் விளக்கத்தை ஏற்றால், ஒரு தீவின் மக்களுக்கே நிலைத்துவிட்ட அவப்பெயருக்குத் தொடக்கம் ஒரு கல்லறைதான்.

அவர்கள் பொய் சொன்னார்களா? இல்லை என்பது என் உறுதியான கருத்து. கிரீட்டில் கிரேக்க மொழி வருவதற்கு முன்பே ஓர் இளம் தெய்வம் வழிபடப்பட்டிருக்க வேண்டும் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பயிரோடு பிறந்து பயிரோடு மடிந்து மறுவருடம் திரும்பும் தெய்வம். கிரேக்கர்கள் வந்தபோது தங்கள் வானத்துத் தலைவனின் பெயரை அந்த இளைஞன் மேல் ஏற்றினார்கள். க்னோசோஸில் கிடைத்த களிமண் ஏடு ஒன்றில், கிரேக்க மொழியை எழுதிய மிகப் பழைய எழுத்தான லீனியர் பியில், திக்தி மலை ஜீயஸுக்கு எண்ணெய் கொடுத்த கணக்கு எழுதியிருக்கிறது. தீவின் கிழக்குக் கோடியில் பலைகாஸ்த்ரோவில் 1904இல் கிடைத்த கல்வெட்டுத் துதி ஜீயஸைத் தாடி வைத்த அரசனாக அழைக்கவில்லை. 'மகா இளைஞனே' என்று அழைத்து, இந்த வருடமும் வா, எங்கள் மந்தைக்குள் துள்ளு, வயலுக்குள் துள்ளு என்கிறது. வருடா வருடம் வரச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்றால், நடுவில் அவர் போயிருக்கிறார் என்றுதானே பொருள். பெயர் ஒன்று, தெய்வம் இரண்டு. பெயரை மட்டும் பார்த்தவர்கள் பொய் என்றார்கள்.

ஒன்றை இங்கே தெளிவுபடுத்த வேண்டும், சுற்றுலாக் கையேடுகள் இதை மழுப்பிவிடுகின்றன. ஜீயஸ் கல்லறையைக் குறிப்பிடும் பழங்கால நூல்கள் யூக்தாஸைப் பெயர் சொல்லிக் காட்டுவதில்லை. சில க்னோசோஸில் என்கின்றன, சில ஐடா மலையில் என்கின்றன. பிதகோரஸ் கிரீட்டுக்கு வந்து, 'ஜீயஸ் என்று அழைக்கப்படும் ஸான் இங்கே இறந்து கிடக்கிறான்' என்று எழுதிவைத்ததாக அவர் வரலாற்றை எழுதிய போர்ஃபிரி சொல்வதும் ஐடா பயணக் கதையில்தான். கல்லறை யூக்தாஸுக்கு வந்துசேர்ந்தது இடைக்காலத்தில். 1415இல் தீவைச் சுற்றிய ஃபிளாரன்ஸ் பாதிரியார் கிறிஸ்தோஃபோரோ புவொந்தெல்மோந்தி இந்த மலையை ஒரு முகமாகவே வருணித்து, நெற்றி, மூக்கு என்று உறுப்பு உறுப்பாக எழுதினார். ஜீயஸின் கல்லறையையும் கண்டதாகச் சொன்னார். 1834இல் ராபர்ட் பாஷ்லி என்ற ஆங்கிலேயப் பயணி வந்தபோதும் உச்சியின் இடிபாடுகளை ஊர்க்காரர்கள் ஜீயஸின் கல்லறை என்றே காட்டினார்கள். ஆகவே என் கணக்கு இது: கல்லறை நம்பிக்கை மிகப் பழையது, அது இந்த மலையில் வந்து தங்கியதற்கு அதன் முகம் ஒரு காரணம், உச்சியில் கிடந்த பெரிய பெரிய கற்கள் இன்னொரு காரணம்.

அந்தக் கற்கள் கல்லறை அல்ல. ஆனால் கல்லறையைவிட வியப்பானவை.

மலையின் வடக்கு உச்சிக்கு ப்ஸிலி கொர்ஃபி, 'உயர்ந்த சிகரம்' என்று பெயர். க்னோசோஸ் அரண்மனையைத் தோண்டிய ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஆர்தர் எவன்ஸ் 1909இல் அங்கே தோண்டினார். 1974 முதல் கிரேக்கத் தொல்லியலாளர் அலெக்சாந்திரா கரெத்சூ விரிவாகத் தோண்டினார். கி.மு. 2000ஐ ஒட்டிய காலத்திலேயே அங்கே வழிபாடு நடந்திருக்கிறது. உச்சியைச் சுற்றி முரட்டுக் கற்களால் ஒரு மதில், சுமார் 735 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். உள்ளே படிப்படியாக அமைத்த பலிபீடம். அதை ஒட்டிப் பாறையில் இயற்கையாகவே ஒரு பிளவு, பத்து மீட்டருக்கும் மேல் ஆழம். வந்தவர்கள் காணிக்கையை அந்தப் பிளவுக்குள் போட்டார்கள். வெண்கல இரட்டைக் கோடரிகள், காளை உருவங்கள், கைகளை மார்பில் வைத்து நிற்கும் மனித உருவங்கள், கல்லால் செய்த படையல் மேசைகள் எல்லாம் கிடைத்தன. மேசைகள் சிலவற்றில் லீனியர் ஏ என்ற, இன்னும் பொருள் புரியாத மினோவன் எழுத்து பொறித்திருக்கிறது. ஒன்றில் 'யா-சா-சா-ரா' என்று தொடங்கும் சொல் ஒன்று உண்டு. அதே சொல் தீவின் வேறு மலைக்கோயில்களின் மேசைகளிலும் வருகிறது. வேண்டுதலின் வாசகமாக இருக்க வேண்டும். பிற்கால எழுத்தான லீனியர் பியை வைத்து ஒலியை ஊகித்து வாய்விட்டுச் சொல்ல முடிகிறது, பொருள்தான் பிடிபடவில்லை.

ஹெராக்லியோன் அருங்காட்சியகத்தில் மலைக்கோயில் காணிக்கைகளின் பெட்டி முன்னால் நின்றபோது நான் அதிகநேரம் பார்த்தது கோடரிகளை அல்ல. சுட்ட மண்ணில் செய்த ஒரு கால். முழங்காலுக்குக் கீழே மட்டும், கைக்குள் அடங்கும் அளவு. பக்கத்தில் ஒரு கை, பாதி உடம்பு. சிலவற்றில் கயிறு கோத்துத் தொங்கவிட ஒரு துளை. செய்நேர்த்தி பெரிதாக இல்லை. களிமண்ணை உருட்டி விரலால் அழுத்தியிருக்கிறார்கள். கால் வலித்த ஒருவர், அல்லது அவருடைய தாய், அதை எடுத்துக்கொண்டு மலை ஏறியிருக்கிறார். நேர்த்திக்கடனாக உரு வாங்கிச் செலுத்துகிற நமக்கு அதன் பொருளை யாரும் விளக்கத் தேவையில்லை.

நரபலி பற்றி. உச்சியிலல்ல, மலையின் வடக்குச் சரிவில், அனெமோஸ்பிலியா என்ற இடத்தில் இந்தக் கேள்வி எழுந்தது. காற்றின் குகைகள் என்று பொருள்; வடகாற்று அந்தப் பாறை இடுக்குகளில் மோதி ஊதும். 1979இல் தொல்லியலாளர் யான்னிஸ் சக்கெல்லராக்கிஸும் அவர் மனைவி எஃபி சப்புனா-சக்கெல்லராக்கியும் அங்கே ஒரு சிறு கோயிலைத் தோண்டி எடுத்தார்கள். வரிசையாக மூன்று அறைகள், முன்னால் ஒரு நடை. கி.மு. 1700 வாக்கில் நிலநடுக்கத்தில் இடிந்து தீப்பிடித்த கட்டடம். நடு அறையில் களிமண்ணால் செய்த இரண்டு பாதங்கள். மேலே இருந்த மர விக்கிரகம் எரிந்துபோக, பாதம் மட்டும் மிஞ்சியது என்பது அவர்கள் கருத்து.

மேற்கு அறையில் மூன்று எலும்புக்கூடுகள். மேடை போன்ற ஒன்றின்மேல் 18 வயது மதிக்கத்தக்க இளைஞன், கால் மடங்கி ஒருக்களித்துக் கிடந்தான். அவன்மேல் 40 சென்டிமீட்டர் நீளமுள்ள வெண்கல அலகு, இரு பக்கமும் விலங்கு முகம் செதுக்கியது. அருகில் ஒரு நடுவயது ஆண்; விரலில் இரும்பும் வெள்ளியும் சேர்ந்த மோதிரம், மணிக்கட்டில் படகோட்டி உருவம் பொறித்த முத்திரைக் கல். மூலையில் ஒரு பெண். நடையில் நான்காவது ஆள் நசுங்கிக் கிடந்தார். இளைஞனின் எலும்பில் ஒரு பாதி கறுத்தும் மறுபாதி வெளுத்தும் இருந்தது. கட்டடம் எரியுமுன்பே அவன் உடம்பில் பாதி ரத்தம் வடிந்துவிட்டது என்று அவர்கள் வாதிட்டார்கள். தொடர் நடுக்கத்தை நிறுத்த ஓர் உயிரைக் கொடுத்துக்கொண்டிருந்தபோதே கூரை விழுந்து பூசாரியும் மற்றவர்களும் இறந்தார்கள் என்பது அவர்கள் சொன்ன கதை.

உலகமே அதிர்ந்தது. ஆனால் எதிர்வாதங்களும் வலுவானவை. அலகு ஈட்டிமுனையாக இருக்கலாம், மேலிருந்து விழுந்திருக்கலாம். எலும்பின் நிறம் தீயின் சூடு எங்கே கூடியது, எங்கே குறைந்தது என்பதைப் பொறுத்தும் மாறும். அந்த மேடை பலிபீடம்தானா என்பதும் தீரவில்லை. நிலநடுக்கத்தில் மாட்டிய நான்கு பேர் என்ற எளிய விளக்கமும் நிற்கத்தான் செய்கிறது. நான் இதை நரபலிக்குச் சான்று என்று சொல்ல மாட்டேன், இல்லவே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 'அங்கே நரபலி கொடுத்தார்கள்' என்று ஒரே வரியில் யாராவது சொன்னால் மட்டும் நம்பிவிடாதீர்கள். இடத்தைச் சுற்றி வேலி போட்டுப் பூட்டியிருப்பார்கள். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றாலே மூன்று அறைகளின் அடிச்சுவரும் தெரியும்.

தெற்கு உச்சியில் ஒரு வெள்ளைத் தேவாலயம் இருக்கிறது, பெயர் அஃபெந்திஸ் கிறிஸ்தோஸ். அஃபெந்திஸ் என்றால் எஜமான், ஆண்டவன். கிரீட்டில் வேறு சில சிகரங்களுக்கும் இதே பட்டம் உண்டு. கிறிஸ்து மலைமேல் ஒளியுருவானதை நினைக்கும் ஆகஸ்ட் 6தான் இங்கே திருவிழா. அர்கானெஸிலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் சனங்கள் ஏறி வருவார்கள். வருடத்தின் முதல் திராட்சையைக் கொண்டுவந்து ஆசீர்வாதம் வாங்குவது கிழக்குத் திருச்சபைகளில் அந்த நாளின் வழக்கம். இங்கே அதற்குத் தனி அழகு உண்டு, ஏனென்றால் மலையடி முழுக்கத் திராட்சைத் தோட்டம். கொத்ஸிஃபாலி, மந்திலாரி என்ற இரண்டு கறுப்புத் திராட்சைகளைக் கலந்த மது அர்கானெஸின் அடையாளம். தெற்கே வாதிபெத்ரோவில் 3,500 வருடத்துக்கு முந்தைய மினோவன் மாளிகையில் திராட்சை மிதிக்கும் தொட்டி தோண்டி எடுக்கப்பட்டு இன்றும் இருக்கிறது. மிதித்தவர்கள் நின்ற இடமும், சாறு வடிந்து விழுந்த பானையும் அப்படியே.

சாகிற தெய்வமே ஆகஸ்டில் மலையேறுகிறது என்று சிலர் ஒரே கோட்டில் இழுத்துவிடுவார்கள். அப்படிச் சொல்ல எனக்குத் துணிவில்லை. நடுவில் கிடப்பது மூவாயிரம் ஆண்டுக்கும் மேல், மக்களும் மொழியும் எத்தனையோ முறை மாறிவிட்டன. ஆனால் 2ஆம் நூற்றாண்டில் செல்சஸ் என்ற தத்துவவாதி கேட்டதை மட்டும் நினைத்துக்கொள்வேன். கிரீட்டில் கல்லறை காட்டப்படுகிறது என்று ஜீயஸை வணங்குகிறவர்களைச் சிரிக்கிறீர்களே, நீங்கள் வணங்குகிறவரும் கல்லறையிலிருந்து வந்தவர்தானே என்று கிறிஸ்தவர்களைக் கேட்டார் அவர். கிறிஸ்தவ அறிஞர் ஓரிஜென் பின்னர் அதற்கு விரிவாக மறுப்பு எழுதினார். அந்த வாதம் நடந்தபோது இருவருக்கும் யூக்தாஸ் தெரிந்திருக்க வழியில்லை.

போகிற எண்ணம் இருந்தால் இரண்டு விஷயம். அர்கானெஸிலிருந்து உச்சிவரை வண்டிப்பாதை உண்டு, நடைபாதையும் உண்டு. ப்ஸிலி கொர்ஃபியில் தோண்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே தொலைத்தொடர்புக் கம்பங்கள் நிற்பதைப் பார்த்தால் மனம் நோகும், தயாராகப் போங்கள். மேற்குச் செங்குத்தில் கிரிஃபன் என்ற பெரிய பிணந்தின்னிக் கழுகுகள் கூடு வைத்திருக்கின்றன. உள்ளூரில் ஸ்காரா என்பார்கள். வெயில் ஏறிப் பாறை சூடானதும், இரண்டரை மீட்டர் அகலச் சிறகை ஒருமுறைகூட அடிக்காமல், நீங்கள் நிற்கும் விளிம்புக்குக் கீழேயிருந்து மேலெழும்பி வரும். அவற்றின் முதுகை மேலிருந்து பார்க்கக் கிடைப்பது அபூர்வம். வடக்கே திரும்பினால் நகரம், கடல், கடலுக்குள் பல்லி படுத்ததுபோல டியா தீவு.

முகத்தைப் படமெடுக்க மட்டும் மலைக்குப் போகாதீர்கள். நகரத்துக்கு மேற்கே எங்காவது, சூரியன் எழுவதற்குச் சற்று முன்னால் நில்லுங்கள். வெளிச்சம் மலைக்குப் பின்னாலிருந்து வரும்போது மேடுபள்ளமெல்லாம் மறைந்து விளிம்பு மட்டும் கறுப்பாக நிற்கும். முதலில் மூக்கு தெரியும், பிறகு நெற்றி. தாடி தெரிய இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.